நாலாவது பல்லும் கன்னத்து மைப்புள்ளியும்

போன வெள்ளிக்கிழமை வலது கன்னத்தில் மைப்புள்ளியோடு ஆரணி கடைத்தெருவில் நடந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு வருஷமாக அந்தக் கன்னத்தில் கரண்ட் அடிப்பது மாதிரி வலி. காற்றுப் பட்டாலே போதும். எனக்காகத் தறிக்கூடத்தில் ஃபேனை நிறுத்தினார்கள். பக்கத்துத் தறியில் மச்சான் வேர்த்து ஒழுகித் திட்டுவான். பல்லைப் பிடுங்கச் சொன்னவனும் அவன்தான்.

பிடுங்கினேன். மூன்று பல். வலி போகவில்லை! நாலாவதுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று.

அதற்கு முதல் நாள், மனசு கேட்காமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வாயைத் திறக்கவே சொல்லவில்லை. நேராகப் பார்க்கச் சொன்னார். கருவிழியிலிருந்து நேர் கீழே விரலை இறக்கினார். கண்ணுக்கடியில் எலும்பு விளிம்பு... அதைத் தாண்டிக் கொஞ்சம் கீழே அழுத்தினார். கன்னத்து நரம்பு எலும்பை விட்டு வெளியே வரும் துளை அங்கேதானாம். ஏறக்குறைய அதே நேர்கோட்டில் புருவத்தில் ஒன்று, தாடையில் ஒன்று.

பேனாவால் புள்ளி வைத்தார். ஊசி போட்டார். கன்னம் மரத்தது. ஃபேனுக்கு எதிரே உட்கார வைத்தார். வலி வரவில்லை.

"இது நரம்பு வலிங்க. ஊசி வேகம் போனா திரும்ப வரும், மாத்திரை சாப்பிடணும். பல்லைத் தொடாதீங்க."

கோபம் வந்தது — முதலில் என் மேல். சேலையில் கோடு விழுந்தால் சேலையையா வெட்டுகிறேன்? தறி அச்சுக்குப் பின்னால் போய் அறுந்த இழையைத் தேடுகிறேன். முப்பது வருஷப் புத்தி, சொந்த மூஞ்சிக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் புள்ளியை அழிக்காமல் பல் டாக்டரிடம் போனேன். மச்சானும் கூட வந்தான்.

"இன்னா மாமா, இந்த மூஞ்சிக்குத் திருஷ்டிப் பொட்டு வேற வச்சிகினு வர்ற?"

பல் டாக்டர் நாற்காலியில் படுக்கச் சொன்னார். நின்றபடியே கேட்டேன்: "எடுத்த மூணுல எது சொத்தைங்க?"

அவர் எக்ஸ்ரேயைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"அடுத்து எவனாவது கன்னம் வலிக்குதுன்னு வந்தா, மொதல்ல இங்க கை வச்சுப் பாருங்க," என்று புள்ளியைக் காட்டினேன். "அப்புறம் குறடு எடுங்க."

திரும்பும் வழியில் மச்சான் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி என் கையில் திணித்தான்.

மாத்திரை சாப்பிடுகிறேன். வலி அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும்... அந்த நாலாவது பல்லால் முறுக்கு கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.