குறை சொல்ல முடியாத ஹெட்செட்

நான் முதலில் வாங்கிவந்தது பாட்டு கேட்கிற ஹெட்செட். தம்பானூரில் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் வாங்கினேன். வெளிச் சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாக மகளிடம் நீட்டினேன். அவள் பெட்டியைத் திறந்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது பஸ்ல போறப்ப பாட்டு கேக்குறது. மைக் எங்க? பிளக் எங்க? இத மாட்டிட்டு டவர்ல உள்ளவங்ககிட்ட நான் எப்படிப் பேசுவேன்?"

அவள் சிரித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு எனக்கு இன்னொன்றும் தெரிந்துபோனது. இந்தச் சரக்கைப் பற்றி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது.

நான் ஆரியசாலையில் வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம் செய்கிறவன். மூட்டையில் கையை விட்டாலே ஈரம் எவ்வளவு, காம்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என் மகள் படிப்பதோ விமானம் ஓட்ட. விமான நிலையத்தின் ஓரமாக இருக்கிற பயிற்சிப் பள்ளியில், ஆசிரியரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன விமானம். அதற்குள் என்ஜின் சத்தம் காதைப் பிளக்கும். அதனால் ஹெட்செட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. பள்ளியிலேயே பொதுவுக்குச் சில ஹெட்செட்டுகள் கிடக்கும். எத்தனையோ தலைகளைப் பார்த்துப் பஞ்சு உதிர்ந்துபோனவை.

இதற்கெல்லாம் முன்பு ஒருநாள் பறந்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் தாங்க முடியலப்பா. மேல ஏறினதும் அது தலைக்குள்ள போயிடுது. எறங்கின பிறகும் போகல. படுத்தாலும் கேக்குது."

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வியாபாரியிடம் சரக்கு சரியில்லை என்று சொன்னால் அவன் வேறு சரக்கு பார்ப்பான். "இவ்வளவுதானே? உனக்கே உனக்குன்னு நல்லதா ஒண்ணு வாங்கிடுவோம்" என்றேன். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு "செரிப்பா" என்றாள்.

விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசைதான், நான் திணித்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சம்மதிக்கவில்லை. திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போன் போட்டு எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். 'என் பொண்ணு ஓட்டுற விமானத்துல நான்தான் முதல் ஆளா ஏறுவேன்' என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் என்னை மலையாளத்தில் 'பைலட்டின்றெ அச்சன்', அதாவது பைலட்டின் அப்பா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

சாம்பிள் பார்க்காமல் நான் ஒரு மூட்டையும் இறக்க மாட்டேன். ஹெட்செட்டிலும் அதையே செய்தேன். பயிற்சி முடித்துப் போனவர்கள், மேல் வகுப்பில் இருப்பவர்கள் என்று யார் யாரிடமோ பேசி, இரண்டு நாளைக்கு என்று ஒவ்வொன்றாக இரவல் வாங்கினேன். முதலில் வந்தது பேட்டரி இல்லாத வகை. காதை இறுக்கி மூடிச் சத்தத்தை அடைக்கும், அவ்வளவுதான். மகள் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். ஒரு தடவை இதை மாட்டிக்கொண்டு பறந்துவிட்டு வந்து சொன்னாள்: "கண்ணாடிக் காம்பு அமுங்குதுப்பா. செவிக்கு மேல வலி."

உள்ளபடியே எனக்கு உற்சாகம் வந்தது. இதைச் சொன்னால் எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் புரியும். கடைக்கு வருகிறவன் மல்லியை அள்ளிப் பார்த்து, உள்ளங்கையில் தேய்த்து, 'தூசியா இருக்கே, நிறம் பத்தலையே' என்று மூக்கைச் சுளித்தால் அவனுக்கு டீ சொல்லிவிடலாம். அவன் வாங்கப்போகிறவன். 'அருமையான சரக்கு அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போடுகிறவன் வாங்க மாட்டான். வாங்குகிறவன்தான் குறை தேடுவான். என் மகள் இவ்வளவு துல்லியமாகக் குறை சொல்கிறாள் என்றால், அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது!

அடுத்து வந்ததுதான் உண்மையான சத்தநீக்கி. நடுவில் பேட்டரிப் பெட்டி தொங்கும். பொத்தானை அழுத்தினால் வெளியே கேட்கிற இரைச்சலை உள்ளிருந்தே அது தின்றுவிடும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்குக் கொண்டுபோய், வாசலில் லாரி ஸ்டார்ட்டில் நின்றபோது மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

லாரி போய்விட்டது. கண்ணெதிரே குலுங்கிக்கொண்டு நிற்கிறது, சத்தம் மட்டும் இல்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்போது மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மெல்லிசாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது: "முதலாளிக்கு வட்டாணு கேட்டோ." எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம்! நான் திரும்பி முறைத்ததும் அவர் மூட்டையோடு உள்ளே ஓடினார். இது இரைச்சலைத்தான் தின்னும், ஆள் பேச்சைத் தின்னாது, அதற்குத்தான் இந்த விலை என்று பிறகு மகள் விளக்கினாள். சாப்பிடும்போது இந்தக் கதையை அபிநயத்தோடு சொன்னேன். மனைவி புரையேறச் சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

ஆனால் அதிலும் குறை இருந்தது. பேட்டரிப் பெட்டி முழங்காலில் இடிக்கிறது. அடுத்ததில் கம்பி விறைப்பு. அதற்கடுத்தது லேசானது, நன்றாகத்தான் இருந்தது. மைக் வாயிலிருந்து விலகிப்போகிறதாம். நான் சளைக்கவில்லை. காதில் படுகிற மெத்தையில் இத்தனை வகை உண்டு, தலைப்பட்டையில் இத்தனை அழுத்தம் உண்டு என்று வாடிக்கையாளர்களிடமே பேச ஆரம்பித்தேன். புளி வாங்க வந்தவர்கள் பாவம், தலையாட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆசிரியர் அவளைத் தனியாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். இதுவரை பக்கத்தில் அவர் இருந்தார். இனி அவர் இறங்கிக்கொள்வார். இவள் ஒருத்தியே ஏறி, சுற்றிவந்து, இறங்க வேண்டும். அதற்குச் சோலோ என்று பெயர். அவள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்த பதிலை என்னிடமும் சொன்னாள்: "புது ஹெட்செட் வரட்டும், அதுக்குப் பின்னே போறேன்னு சொல்லிருக்கேன்." நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. தெரியாத சரக்கை நம்பி யார் தனியாகப் போவார்கள்?

என் மனைவிக்கு மட்டும் ஏதோ இடறியது. "நீங்க காதுக்கு வாங்கிட்டு அலையுறீங்க. பறக்கப் போற அன்னைக்கு அவ தட்டப் பாத்திருக்கீங்களா? தோசைய விண்டு விண்டு வச்சிட்டுப் போயிருதா" என்றாள். வயிறு காலியாக இருந்தால் மேலே போகும்போது நல்லது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துச் சொன்னேன். எங்கிருந்துதான் அது என் வாயில் வந்ததோ.

சொல்லப்போனால் எனக்கும் பயம் இருந்தது. சின்ன விமானத்தின் சத்தம் ஆரியசாலைக்கு மேல் கேட்டால் நான் கணக்கை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஓட்டுவது அவளா வேறு யாராவதா என்று தெரியாது. தெரிந்தாலும் அண்ணாந்து நிற்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்? அந்தச் சத்தம் ஒரே சீராகக் கேட்கிற வரைக்கும் மூச்சுவிட முடியும். அவளுக்கு எந்தச் சத்தம் ஆகவில்லையோ, அதைக் கேட்டால்தான் எனக்கு உயிர் வந்தது.

பிறகு கோயில் திருவிழாவில் சுவாமி கடலில் நீராடுகிற ஆறாட்டு வந்தது. அன்று சாயங்காலம் சுவாமி ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அதற்காக விமானங்களை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊரில் இது எப்போதும் உள்ளது. பயிற்சிக்காரர்களுக்கும் அன்று பறப்பு இல்லை. காலையிலேயே மகள் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் கேட்டு வாங்கி இன்னொரு தோசை தின்றாள். ஊர்வலம் பார்க்க நாங்கள் கோட்டைப் பக்கம் போய் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசினாள். மழை பெய்து பறப்பு ரத்தாகிற நாளிலும் அவள் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றியது. தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டேன். கூட்டத்தில் வேறு யோசிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினன் துபாயில் இருக்கிறான். இனி இரவல் சரிப்படாது என்று அவனிடம் சொல்லி, இருப்பதிலேயே நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மகள் கூடத்தில் நின்று பெட்டியைப் பிரித்தாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டாள், பொத்தானை அழுத்தினாள், அசையாமல் நின்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பக்கக் காதைத் தூக்கிவிட்டுச் சொன்னாள்.

"நல்லாருக்குப்பா."

நான் காத்திருந்தேன். குறை ஒன்றும் வரவில்லை.

"கண்ணாடிக் காம்பு?"

"அமுக்கல."

"மைக்?"

"செரியான எடத்துல நிக்குது."

"கனமா இருக்கா?"

"தலையில இருக்கறதே தெரியலப்பா. அருமையா இருக்கு."

இந்தப் பேச்சை நான் எத்தனை வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்! துண்டை உதறித் தோளில் போடுகிறவனின் பேச்சு. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. இத்தனை நாள் அவள் தேடிய குறை ஹெட்செட்டில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விமானப் படிப்பு அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. நான் எல்லோரையும் பகைத்துக்கொண்டு வாங்கிக்கொடுத்தது. இப்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்லுவாள்? பந்தியில் அவ்வளவு சத்தமாகப் பேசிய அப்பனிடம் எப்படிச் சொல்லுவாள்?

"நாளைக்குச் சோலோ போறேன்னு சாருக்கு மெசேஜ் போட்டுடறேன்" என்றாள். காதை மறுபடி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கையில் போன் இருந்தது. எழுதிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

தோளைத் தொட்டுத் திருப்பிப் பேசியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்தது. போகாதே என்று சொன்னால், ஒருவேளை அவளுக்கு உள்ளூர ஆசை இருந்து அதை நான் கெடுத்ததாக ஆகிவிட்டால்? போ என்று சொன்னால், மேலே அவள் தனியாக, அந்தச் சத்தத்தோடு. இரண்டும் என் கையில் இல்லை. கையாலாகாதவனாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவா போகிறது என்ற தைரியத்தில் என் பாட்டுக்குச் சொன்னேன்.

"மக்ளே, வேண்டாம்னா விட்டுரு. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான். சொன்னா நான் பாத்துக்கறேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. போனில் ஓடிக்கொண்டிருந்த விரல் மட்டும் நின்றது.

"அப்பா" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "லாரிதான் கேக்காது. ஆளு பேசுறது கேக்கும்."

வீட்டில் நானே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை அது. எனக்கு மறந்துபோயிருந்தது. வெட்கமா பயமா என்று தெரியவில்லை. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

தலையாட்டினேன். அவளுக்கு முதுகில் கண் இல்லையே. அதனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. "வேண்டாம்னா வேண்டாம் மக்ளே" என்றேன், இந்தத் தடவை அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தே. சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள்.

மகள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அப்படியே ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது.

"எவ்வளவோ தேடிப் பாத்தேன்ப்பா" என்றாள். "இதுல ஒரு குறையும் கிடைக்கல."