துப்பட்டியில் ஓடிய ஆறு

போன வாரம் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் இறங்கி இரண்டு பக்கமும் ரெக்ஸின் திரையை இறக்கிவிட்டார். உள்ளே இருட்டு. ஈரத்துணி வாடை. எனக்குச் சட்டென்று பன்னிரண்டு வயதாகிவிட்டது.

எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் போனேன். இந்த வருஷம் என்னென்ன பாடம் என்று டீச்சர் வரிசையாகச் சொன்னார். வீட்டில் நீங்களும் உதவி பண்ண வேண்டும் என்றார்.

பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். "எங்களுக்கே தெரியாததுல என்னங்க உதவி பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அத்தாவும் அம்மாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் படித்தது முதல் பாரம் வரைக்கும்தான். இந்தக் காலத்துக் கணக்கில் ஆறாம் வகுப்பு. எழுதுவதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். முற்றத்தில் நின்றால் மேலே சதுரமாக வானம் தெரியும். அவ்வளவுதான். ஒன்பது வயதுக்கு மேல் எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பதில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டு வண்டி வரும். கூண்டு வண்டி. முன்னும் பின்னும் திரை. வண்டிக்காரர் ஆண்பிள்ளை என்பதால் முன்திரையை விலக்கவே கூடாது. அதற்கு முதுகைக் காட்டிப் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பின்திரை ஓரம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் ஒரு கண்ணை வைத்துக்கொள்வேன். எனக்கு ஊர் தெரியும் என்றால் அந்தக் கிழிசல் அளவுக்குத் தெரியும்.

கூட வரும் ஆயா பாக்கியம். என் தலையை உள்ளே தள்ளுவாள். "கண்ணை எடு புள்ள. உன் கண்ணைப் பாத்து எவனாவது மாட்டுக்கு முன்னாடி விழுந்துடப் போறான்" என்பாள். விழுகிற அளவுக்கு என் கண் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே சாக்கு போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அது ஊறிப்போய் ஒரு வாடை வரும். கூட வரும் பெண்களில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடிக்கும். அந்த வாடை வந்தால் வெளியே வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

முதல் பாரத்தில் பூகோளம் உண்டு. ஒரு நாள் டீச்சரம்மா சொன்னார். அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியைப் படமாகப் போட வேண்டும். நான் சந்தோஷமாகப் போட்டேன். வீடு, மசூதி, எண்ணெய்க்கடை, பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிதாக மலைக்கோட்டை.

டீச்சரம்மா என் சிலேட்டுப் பலகையைக் கையில் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, மலைக்கோட்டை உங்க வீட்டுக்குப் பக்கத்துலல்ல இருக்கு? இங்க எப்படி வந்துச்சு?"

"காலையில வரும்போது பூராவும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் டீச்சர் வர்றேன்."

என் பக்கத்தில் கோமளம். ஸ்ரீரங்கத்துப் பெண். தினமும் ஆற்றைத் தாண்டி வருபவள். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அனுமாருக்கு அப்பறம் மலையைத் தூக்கிண்டு வந்தது நீதான்டி."

வகுப்பே சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. மசூதியும் எண்ணெய்க்கடையும்கூடப் பக்கம் மாறி இருந்தன. இடது வலதாக, வலது இடதாக. பின்பக்கம் பார்த்தே வந்தவளுக்கு ஊர் முழுக்கத் தலைகீழ்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மா வருவார். ஊர்ப் படமும் ஜில்லாப் படமும் போடச் சொல்வார். தேறாதவள் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு வருஷம் கிடையாது. அம்மா முன்பே சொல்லிவிட்டார். "தேறினா பாக்கலாம். இல்லேன்னா வீட்டுல இருக்கட்டும்."

டீச்சரம்மா பாக்கியத்திடம் சொல்லி அனுப்பினார். ஒரே ஒரு நாள் இந்தப் பெண்ணை முன்பக்கம் பார்த்து நடத்திக் கூட்டி வாருங்கள், அப்படியே ஆற்றையும் காட்டுங்கள், அது போதும். பாக்கியம் வாசலில் நின்று அதை அப்படியே ஒப்பித்தாள்.

"வளர்ந்த புள்ளைய கடைவீதியில நடத்தியா?" என்றார் அம்மா. "நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?"

அத்தா கடைக் கணக்கு நோட்டைப் புரட்டினார். அவர் பீங்கான் கடை வைத்திருந்தார். கடையில் பேசியே வாய் தேய்ந்துவிட்டது என்பார் அம்மா. வீட்டில் பேச்சு குறைவு. எனக்கும் அதுதான் வந்திருக்கிறது.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். கிழிசலும் இல்லாத மூலை.

வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டார். கடைக்குத் திரும்பவில்லை. விளிம்பு உடைந்த ஒரு பெரிய பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கூடத்துத் தரையில் கவிழ்த்தார்.

"இது மலைக்கோட்டை. இந்த உப்புக்கல்லு நம்ம வீடு. அந்தக் கோடியில இருக்கிற செம்பு உன் பள்ளிக்கூடம். இந்தா வண்டி." ஒரு தீப்பெட்டியை வைத்தார். "இதுல நீ எங்க உக்காருவே?"

"பின்னாடி."

"எதைப் பாத்து?"

கோப்பையைக் காட்டினேன்.

"அப்ப நீ பாக்கிறது போற ஊரு இல்லம்மா. விட்டுட்டு வர்ற ஊரு."

தீப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே செம்பு வரைக்கும் போனார். நானும் முட்டி போட்டுக்கொண்டே கூடப் போனேன். பின்பக்கம் பார்த்து ஒரு தடவை. திரும்பி உட்கார்ந்து ஒரு தடவை. மசூதி ஒரு கரண்டி. எண்ணெய்க்கடை எண்ணெய்க் கிண்ணமே. மெதுவாக எனக்கு ஊர் திரும்பியது. தலை சுற்றியது என்பதும் உண்மை.

அப்புறம் ஜில்லாப் படம். அத்தா எழுந்து கொடியில் கிடந்த அம்மாவின் துப்பட்டியை எடுத்தார். வெளியே போனால் தலை முதல் கால் வரை போர்த்துகிற வெள்ளைத் துணி அது. கோப்பைக்கு வடக்கே நீளமாக விரித்துப் போட்டார்.

"இது காவிரி. அதுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல்." இரண்டு புளியங்கொட்டை வைத்தார். "அதுக்கும் அந்தப் பக்கம் உங்கம்மா ஊரு. மண்ணச்சநல்லூரு." நாலு அரிசி போட்டார். அங்கே அரிசி மில் அதிகம்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல். "இன்னொரு ஆறு எங்க?"

அத்தா திரும்பினார். "எந்த ஆறு?"

"கொள்ளிடத்தை யாரு முழுங்கினது? கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்களே, நான் என்ன பறந்தா வந்தேன்?"

"நீ திரை போட்ட வண்டியிலல்ல வந்தே. என்னத்தைப் பாத்தே?"

"பாக்கலங்க. கேட்டேன்."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மண் ரோட்டில் சக்கரம் சத்தமே போடாது. பாலத்தில் ஏறியதும் கடகடவென்று கேட்கும். திரை வழியாகக் குளிர்ந்த காற்று வரும். முதல் பாலம் முடியவே முடியவில்லை, அழுது முடித்துவிட்டேன், இன்னும் கடகடவென்றது என்றார். பிறகு மண் ரோடு. பிறகு இன்னொரு பாலம், அது சின்னது. அதற்கப்புறம் கடைவீதிச் சத்தம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டு உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாணத்துத் துப்பட்டியோடு வந்தார். அதை யாரும் தொடக்கூடாது. புளியங்கொட்டைக்கும் அரிசிக்கும் நடுவில் அவரே விரித்தார். பூச்சிக்குப் போட்டிருந்த ரசகற்பூர வாடை அடித்தது. இன்றைக்கும் கொள்ளிடம் என்றால் எனக்கு அந்த வாடைதான்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். படம் போட்டேன். மலை அதன் இடத்தில் நின்றது. இரண்டு ஆறும் ஓடின. தேறினேன். கோமளம், "மலையை எறக்கி வெச்சுட்டியாடி?" என்று கேட்டாள்.

பெரிய லீவில் பெரியவளானேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வண்டி வந்தது. மணிச்சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. பாக்கியம் வாசலில் நின்று கூப்பிட்டாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அவ வரமாட்டா ஆயா. இனிமே வர வேண்டாம்" என்றார். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வண்டி கொஞ்ச நேரம் நின்றது. போய்விட்டது. கிழிசலுக்குப் பக்கத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"ரெண்டாம் பாரத்துல என்ன சொல்லித் தருவாங்க?"

"உலகப் படம் போடச் சொல்வாங்களாம். கோமளம் சொன்னா."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அதுக்குத் துப்பட்டி பத்தாது."

அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் அந்தச் சதுர வானம்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டோ டிரைவர் கேட்டார். "இடது பக்கமாம்மா, வலது பக்கமா?" இப்போதும் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. சாப்பிடுகிற கை எது என்று தூக்கிப் பார்த்துக்கொள்வேன். அதற்குள் அவரே திரையை விலக்கித் தெருப் பெயரைப் பார்த்துத் திரும்பினார்.

கூண்டு வண்டி இப்போது இல்லை. பாக்கியம் இல்லை. அத்தாவின் கடை இருந்த இடத்தில் கோரைப்பாய்க் கடை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரை திரையில்லாமல் ஆற்றைத் தாண்டியதில்லை.

சில வருஷத்துக்கு முன் மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் போனேன். புதுப் பாலம். அம்மாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடகட சத்தத்துக்குக் காத்திருந்தேன். ரோடும் பாலமும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. "ஸ்ரீரங்கம் எறங்குறவங்க வாங்க" என்று கண்டக்டர் குரல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். காவிரி பின்னால் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எனக்கு அப்படிப் பார்த்துத்தான் பழக்கம்.