ஜப்பான் பேய்க்கு முன்பதிவு நடக்கிறது

வீடியோ கேம் கடை வைத்திருப்பவரிடம் யாரும் "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்பதில்லை, "இது போக வேற என்ன பண்றீங்க?" என்றுதான் கேட்பார்கள். கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வியும் கிடையாது. "கடைக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டு, நான்தான் கடைக்காரர் என்று சொன்ன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். செருப்போ சேலையோ மருந்தோ, எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எனக்கு வீடு கடலூரில். கடை சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். ஒரு ஜப்பான் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். பேய்களை வரவழைத்து, அவற்றை நம் பக்கம் சேர்த்துக்கொண்டு சண்டை போடுகிற ஆட்டம். முதல் பாகத்தை முடித்துவிட்டு ஏங்கிக் கிடந்த பையன்கள் என்னைப் பிடுங்கி எடுத்ததால் முன்பதிவை ஆரம்பித்தேன். ஆட்டம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அது வருகிறது என்று தெரிந்து வந்து சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போர்டு எழுதிய நேரம்

தமிழ்நாட்டில் கடை நடத்துகிறோம், தமிழில்தான் எழுதுவோமே என்று எனக்கு ஓர் ஆசை. "பேய்களை வரவழைக்கும் ஆட்டம், இரண்டாம் பாகம். முன்பதிவு நடக்கிறது" என்று என் கையாலேயே எழுதி வாசலில் வைத்தேன். பக்கத்தில் கம்பெனி கொடுத்த போஸ்டரைக் கண்ணாடியில் ஒட்டினேன். அதில் ஒரு பேய்: நீல உடம்பு, இரண்டு கொம்பு, சோகமான முகம். பார்த்தால் வேலை கிடைக்காத பட்டதாரி மாதிரி இருக்கும்.

அன்றைக்கு மத்தியானமே குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். போர்டை இரண்டு முறை படித்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, வரவழைக்கிறதெல்லாம் வேணாம். என் வூட்டுக்காரரு தம்பி ரெண்டு நாள்னு பொங்கலுக்கு வந்தாரு, ஆடியே பொறந்துடுச்சி. போவ வைக்கிற மாதிரி எதுனா இருந்தா சொல்லு."

ஓனர் இறங்கி வந்தார்

கட்டடத்தின் ஓனர் மாடியில் குடியிருக்கிறார். சிதம்பரத்தில் கேம் கடைக்கு இடம் கொடுத்த மூன்றாவது மனிதர் அவர். முதல் இரண்டு பேரும் "பசங்க கூட்டம் சேருது" என்று என்னைக் காலி செய்ய வைத்தவர்கள். நான்காவது மனிதர் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கணிப்பு. அதனால் அவர் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே கடையில் இருக்கிற பையன்களை வாயை மூடச் சொல்லிவிடுவேன்.

அவருடைய ஒரே பெண் கவிதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் என் கடையில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். அப்பாவுக்கு அது தெரியாது. இந்த ஆட்டத்துக்கு முதல் முன்பதிவு அவளுடையதுதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போஸ்டர் ஒட்டிய பிறகு இரண்டு வரன்கள் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று தரகருக்கும் தெரியவில்லை. ஓனருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"ஏம்மா, உன் கண்ணாடியில கீற பேயப் பாத்துட்டுதான் சகுனம் சரியில்லன்னு போயிட்டாங்களாம். கவிதாவே சொல்லி வருத்தப்பட்டா. அடுத்த வாரம் அண்ணாகிராமத்துலேர்ந்து ஒரு எடம் வருது. இதுவும் தட்டிப்போச்சுன்னா தை மாசத்துக்குள்ள கடையக் காலி பண்ணிடு."

நம்பிக்கை இல்லாதவர்

போஸ்டரை அன்றைக்கே கிழியாமல் எடுத்துச் சுருட்டி வைத்தேன். போர்டை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஓர் இயற்பியல் பேராசிரியர் உள்ளே வந்தார். இந்த நூற்றாண்டிலும் பேய் பிசாசு என்று எழுதி வைத்து இளைஞர்களைக் கெடுக்கலாமா என்று வெகுநேரம் பேசினார். வகுப்பில் இவ்வளவு உருக்கமாகப் பேசியிருந்தால் பையன்கள் என் கடைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

முடித்ததும், முதல் பாகத்தைத் தானே இரண்டு தடவை முடித்ததாகச் சொல்லி, இரண்டாம் பாகத்துக்குப் பெயர் கொடுத்தார். நான் பேனாவை எடுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது மேடம். இருந்தாலும் எதுக்கு வம்பு?"

ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை நான் போகிற சபையிலும் சேதி பரவிவிட்டது. ஒரு சகோதரி கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, கவுண்ட்டர் மேல் கையை வைத்து, இந்தக் கடையைப் பிடித்த சாத்தான் ஓடிப்போக வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் ஓடிப்போனார்கள். ஆமென் சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"என் பையன் பொறந்தநாளைக்கு அந்த ஆட்டத்துல ஒண்ணு எடுத்து வைம்மா. சபையில யாருக்கும் சொல்லிடாத."

பரங்கிப்பேட்டை உம்மா

யூசுப் என்று ஒரு கல்லூரிப் பையன், ஊர் பரங்கிப்பேட்டை. முன்பதிவு செய்ய வந்தவனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்: ஆட்டத்தில் ஜின் உண்டா? உண்டு என்றால் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் வாங்குவானாம். அங்கேயே உம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பேய்களைக் கூப்பிட்டால் அவை வந்து கூடச் சேர்ந்துகொள்ளும், வெறும் விளையாட்டுதான் உம்மா, என்று பதமாக விளக்கினான். நான் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேயக் கூப்டா ஒடனே வருதா? உன்னச் சோறு திங்க எத்தன வாட்டி கூப்டாலும் வர மாட்டேங்குறியே வாப்பா, அந்தப் பேயையே இங்க அனுப்பு."

நம்ம பேய்

அண்ணாகிராமத்து வரன் வர இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்து பார்த்தால், என் வாசலுக்கு நேர் மேலே ஒரு திருஷ்டி பொம்மை முகம் தொங்குகிறது. அண்டா அளவு. பிதுங்கிய கண், வளைந்த கோரைப்பல், முறுக்கு மீசை, கொம்பு, மார்பு வரை தொங்கும் சிவப்பு நாக்கு. என் போஸ்டர் பேய் இதைப் பார்த்திருந்தால் ஜப்பானுக்கே திரும்பிப் போயிருக்கும்.

ஓனர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். பேய் படம் வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வெளிநாட்டுப் பேயிம்மா. இது நம்ம பேய்."

எந்த லெவல்?

அன்றைக்கு மட்டும் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பல்கலைக்கழகப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து பொம்மைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். போஸ்டர் ஒட்டியிருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் முன்பதிவு செய்தார்கள். விளம்பரத்துக்குக் கம்பெனிக்காரன் என்ன செலவு செய்தானோ தெரியாது. எங்கள் ஓனர் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்ததற்கு முன்னால் அது நிற்கவில்லை.

"அக்கா, டிரெய்லர்ல இந்த பாஸ் பேய் இல்லியே. எந்த லெவல்ல வருது, எப்டி அடிக்கிறது?"

தனியாகப் பேச வேண்டும்

இந்த ஆட்டத்தில் பேயை அடித்து மட்டும் ஜெயிக்க முடியாது. நின்று பேச வேண்டும். அது ஒன்று கேட்கும், நாம் ஒன்று கேட்கலாம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால் நம் டீமில் சேரும். சில பேய்கள் நம்மிடம் இருப்பதை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றும் தராமல் ஓடிவிடும். கவிதா இதில் கெட்டிக்காரி. பேச்சு ஆரம்பித்த உடனேயே எது ஓடுகிற பேய் என்று சொல்லிவிடுவாள்.

வரன் வந்தது. முந்திரி வியாபாரக் குடும்பம். பொண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் சொல்ல, மாடியில் நிற்கவும் இடமில்லாமல் கவிதா அவனை என் கடைக்கே அழைத்து வந்துவிட்டாள். நான் டிஸ்க்குகளைத் துடைப்பது போல் காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்கூல் வேலையை விட்டுவிடலாம், எங்கள் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிற பழக்கமில்லை என்றான். இந்த விளையாட்டெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம், அதையும் விட்டுவிடலாம் என்றான். "நீங்க என்ன விடுவீங்க?" என்று கவிதா கேட்டாள். "நான் எதுக்கு விடணும்?" என்று சிரித்தான். நல்ல சிரிப்புதான். கெட்ட எண்ணம்கூட இல்லை, அந்தக் கேள்வியே அவனுக்குப் புதிதாக இருந்தது. அவளும் சிரித்தாள். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, பூரிப்போடு மாடி ஏறினான். கவிதா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது டீமுக்கு ஆவாது. போன ரெண்டும் சொன்னதும் கேட்டுப் போயிடுச்சி, இது போவாது போலருக்கு."

மூன்றாவது வேண்டாம்

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு பேரையும் விரட்டியது இவள். பழியைச் சுமந்தது என் போஸ்டர். அதற்காக நடுத்தெருவுக்கு வரப்போவது நான். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தங்கச்சி மாதிரி நினைத்த பெண் இப்படிச் செய்துவிட்டாளே! அதற்குள் மாடியில், எங்களுக்குச் சம்மதம் என்று பையன் வீட்டார் சொல்ல, எனக்கு வேண்டாம் என்று கவிதா எல்லோர் நடுவிலேயும் சொல்லியிருக்கிறாள். அவர்களின் கார் கிளம்பியதும் ஓனர் தடதடவென்று இறங்கி வந்தார், பின்னாலேயே அவள். "போஸ்டர எடுத்தும் அதோட தோஷம் போவலம்மா, என் பொண்ணு புத்தியயே கெடுத்துடுச்சி. கடைய நாளைக்கே காலி பண்ணு" என்று கத்தினார்.

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அவுங்க யாரும் எதையும் பாத்துப் பயப்படலப்பா. மூணு தடவையும் நான்தான் வேணாம்னேன். அக்காவ வுட்டுடுங்க" என்றாள்.

ஓனர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணைத் திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மூலையில் சுருட்டி வைத்திருந்த போஸ்டரைக் கையால் காட்டினார்.

"காலியெல்லாம் பண்ண வேணாம், அத எடுத்துத் திரும்ப ஒட்டும்மா. சொந்தக்காரங்க கேட்டா நான் வேற இன்னா காரணம் சொல்றது?"

ஆட்டம் தள்ளிப்போயிருக்கிறதாம், ஆனால் ஒரு குடும்பத்து மானம் இப்போது அந்த நீலப் பேயின் கொம்பில் மாட்டியிருப்பதால், ஆட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இனி என்னை யாரும் காலி செய்ய முடியாது.