ஹியூபேட் ஒளித்த சாவி

புளோறன்ஸ் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் அனிமல் ஹவுஸில் எலி பார்த்தாள். கூடு கழுவுவது, தீன் போடுவது, வாலில் பேனையால் இலக்கமிடுவது. டொக்டர் பௌஸி மயக்கிய எலிகளின் இதயத்தைச் சில நிமிடம் நிறுத்தி, மறுபடி துடிக்க வைப்பார். பிழைத்தவற்றை, அடி தெரியாதபடி பால்மா கலக்கிய வட்டத் தொட்டியில் நீந்தவிடுவார்கள். தண்ணீருக்கடியில் ஓரிடத்தில் ஏறி நிற்க ஒரு மேடை இருக்கும். நல்ல எலி நாலைந்து நாளில் நேரே அதற்குப் போகப் பழகிவிடும். இதயம் நின்று வந்த எலி சுவரோரமாகவே சுற்றும். நேற்றுப் படித்தது அதற்கு இன்றைக்கு இல்லை.

1999இல் அவள் புருஷன் ஹியூபேட் துறைமுகத்தில் வேலை செய்யும்போதே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எழுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தவர், சுவரைத் தடவிக்கொண்டே முன்னறையைச் சுற்றினார். புளோறன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. 1981இல் முகத்துவாரத்தில் அவள் அம்மா சாகக் கிடந்தபோது ஆள் வந்து சொன்னது. மாமியார் தன்னைக் குடிகாரன் என்று ஊருக்கு முன் சொன்னதை ஹியூபேட் மறக்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்தார்.

"தேடு. கண்டுபிடிச்சால் போ."

சொல்லிவிட்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்டார். அவள் அரிசி வாளியைக் கவிழ்த்தாள், மெத்தையைப் புரட்டினாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று கெஞ்சினாள். அவர் கதவைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். சாவி எங்கே இருந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது தேத்தண்ணி கொடுத்தால் நன்றி சொல்கிறார்.

"கர்த்தர் உனக்கு நல்ல மனுசனாத் திருப்பித் தந்திட்டார்," என்றாள் பக்கத்து வீட்டு டோரின்.

"எனக்கு இந்த நல்ல மனுசன் என்னத்துக்கு? பழைய ஆள்தான் வேணும். அந்தாளை நான் இன்னும் விடேல்ல."

மறுநாள் டொக்டரிடம் கேட்டாள். "டொக்டர், நெஞ்சு நிண்டு வந்தால் பழசெல்லாம் அழிஞ்சிடுமா?"

"பழசு அநேகமா நிக்கும் அக்கா. புதுசுதான் ஒட்டாது."

பழைய ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்ற சந்தோசத்தில், அன்றைக்குப் பஸ்ஸில் இருக்க இடமில்லாமல் வீடுவரை நின்றே வந்தது அவளுக்குத் தெரியவேயில்லை.

ஜூனில் பங்குக் கோவில் பெருநாள். முப்பது வருடம் ஊர்வலத்தில் அந்தோனியார் சுரூபக் கூட்டின் வலது முன்மூலை ஹியூபேட்டின் தோளில்தான் போனது. எதை மறந்தாலும் அதைமட்டும் தினமும் கேட்டார். "பெருநாள் எப்ப?"

அன்று வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். புளோறன்ஸ் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தேடுங்கோ. கண்டுபிடிச்சால் போகலாம்."

அவர் சுவரோரமாக நடந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தெருமுனையில் பாண்ட் வாத்தியம் கேட்டது. மூன்றாம் சுற்றில் நின்று, மாதா சுரூபத்தைத் தூக்கி, அதன் குழிந்த அடிக்குள் விரலை விட்டார்.

"இஞ்சதானே வைச்சனான்."

புளோறன்ஸ் கிட்டப் போனாள். "எப்ப வைச்சனீங்கள்?"

"உன்ர அம்மா... அண்டைக்கு."

"அதுக்கு முன்னாலதான் நான் முழங்காலில நிண்டனான்."

"ஓம்," என்றார். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் சாவியை எடுக்கவில்லை. ஊர்வலம் ஒழுங்கையைக் கடந்தபோது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது முன்மூலையில், அவருடைய இடத்தில், அடுத்த தெருப் பெடியன் றேமண்ட் நடந்தான்.

அடுத்த நாள் காலை ஹியூபேட் கேட்டார். "பெருநாள் எப்ப?"

புளோறன்ஸ் திகைத்தாள். பதினெட்டு வருடம் காத்திருந்து கொடுத்த அடி, ஒரு இரவில் துடைத்த மாதிரிப் போய்விட்டது. ஆத்திரத்தில் சொன்னாள்:

"நேற்று முடிஞ்சுது. நீங்கள் போகேல்ல. உங்கட மூலையை றேமண்ட் தூக்கினவன்."

அவர் முகம் அப்படியே உடைந்தது. ஜன்னலில் நின்றபோது இருந்த அதே முகம். அவள் அதைக் கவனமாகப் பார்த்தாள்.

அதற்கடுத்த காலையும் கேட்டார். அவளும் சொன்னாள். முகம் மறுபடி புதிதாக உடைந்தது.

வேலிக்கு மேலால் டோரின் சத்தம் போட்டாள். "ஏய், நாளைக்கு எண்டு சொல்லித் துலையன். பாவமடி!"

"நான் பொய் சொல்லுறேல்ல."

ஹியூபேட் இன்னும் ஆறு வருடம் இருந்தார். புளோறன்ஸ் அவரைக் குளிப்பாட்டினாள், மருந்து தவறவிடவில்லை, ஒருநாளும் குரல் உயர்த்தவில்லை. காலையில் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக்கொண்டே அவர் கேட்கும்வரை நிற்பாள். கேட்டதும் பதில் சொல்வாள். பிறகு கோப்பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, எலிகளுக்குத் தீன் வைக்கப் போவாள்.