வெட்டு முடிந்த வயலில் நாய்

பஸ் தரிப்பிடத்தில் கால் முறிந்து கிடந்த நாயை எடுத்து, மருந்து கட்டித் தேற்றினேன். வாடகை வீட்டில் அதை வைத்திருக்க வழியில்லை. கொக்கட்டிச்சோலையில் வயல் செய்யும் ஒருவர், "வயல்ல நாங்க தங்குற வாடியில காவலுக்கு நிக்கட்டும் தங்கச்சி, நான் பார்த்துக்கொள்றன்" என்றார். நம்பிக் கொடுத்தேன்.

நெல் அறுவடையாகி, வெள்ளாமை வெட்டி முடிந்தபின் பார்க்கப் போனேன். வயலில் ஆளே இல்லை. வெறும் வாடிக்குள் சங்கிலியோடு நாய் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. எழும்ப முடியாமல் வாலை மட்டும் ஆட்டியது.

அவருக்குப் போன் எடுத்தேன். "வெட்டு முடிஞ்சா நாங்க வீட்டுக்குப் போயிருவம்தானே தங்கச்சி. இடைக்கிடை சோறு வைக்கிறன்" என்றார். அவர் காவலுக்கென்றுதான் கேட்டிருந்தார். வெட்டு முடிந்தால் அது எங்கே நிற்கும் என்று நான்தான் கேட்கவில்லை.

வீட்டுக்காரரிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டு, நாயை என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போது வயல் காவலுக்கு யார் இந்த நாயைக் கேட்டாலும், "வெட்டு முடிஞ்ச பிறகு எங்க நிக்கும்?" என்று முதலில் கேட்கிறேன். இதுவரை இரண்டு பேர் வேறு நாய் தேடிப் போய்விட்டார்கள்.