மருந்துக்கடை அக்காவின் சம்பளம்

பெங்களூர் தொம்மலூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மருந்துக்கடையை நினைத்தால், மருந்துச் சீட்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் படிக்கும் அக்காதான் முதலில் தெரிகிறாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் டி.பார்ம் முடித்தவள், என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அக்கா பத்தாவது படித்துவிட்டு, ஒரு நர்சிங் ஹோமில் சில வருடங்கள் ஆயாவாக இருந்தவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆனாலும் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். அவளுக்குத் தொள்ளாயிரம்.

அவள் வேலைக்கு ‘ஹெல்பர்’ என்று பெயர். பெருக்குவது, அலமாரி துடைப்பது, பெட்டி பிரிப்பது, அவ்வளவுதான். ஆனால் பி.பி. பார்ப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று வயதானவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் சொல்லி அனுப்புவதும் அவள்தான். கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவளைத்தான் தேடுவார்கள். அது எனக்கு உறுத்தியது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஒருநாள் அவள் முதலாளியிடம் கேட்டாள். “மூணு வருசம் ஆச்சு சார். ஆயிரத்து இருநூறாவது குடுங்க.”

“உன்கிட்ட சர்டிபிகேட் இல்லையேம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் பெருக்கினாள், துடைத்தாள், பெட்டி பிரித்தாள். வேறெதையும் தொடவில்லை. யார் எதைக் கேட்டாலும், “மேடத்தைக் கேளுங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்குக் கன்னடம் தடுமாறும். கூட்டம் வாசல்வரை நின்றது. பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். “அவ இல்லாம ஆகாது போலிருக்கு. உனக்கு இந்த வருசம் ஏத்தறதா இருந்த முந்நூறை அவளுக்குக் குடுத்துடட்டுமா? நீ சரின்னா சரி.”

என் தம்பியின் காலேஜ் பீஸைக் காரணமாகச் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அவளுக்கும் எனக்கும் இடையே இருந்த அந்த இடைவெளி குறைவதை நான் விரும்பவில்லை என்பதுதான் முழு உண்மை. “முடியாது சார்” என்றேன். அந்த மாதக் கடைசியில் அக்கா நின்றுவிட்டாள்.

ஏழெட்டு வருடங்கள் கழித்து, இந்திராநகரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய மருந்துக்கடைக்குள் தற்செயலாக நுழைந்தேன். நீலநிறச் சீருடையில் அக்கா நின்றிருந்தாள். பி.எஃப். பிடிக்கிறார்கள், மாதம் ஐயாயிரம் என்று தானாகவே சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக ஓனர்கிட்ட நீங்க பேசினீங்களாமே. ‘அந்தப் பொண்ணுகூட உனக்காகக் கேட்டுப் பாத்துச்சு, என்னாலதான் முடியல’ன்னு கடைசி நாள் அவரே சொன்னாரு. அத நான் மறக்கவே இல்ல, மேடம்.”

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்ப அந்த மனிதர் சொன்ன பொய். அதை மறுத்துச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அதற்குள் அவள் கவுண்டரில் இருந்த இளம்பெண்ணிடம் திரும்பிவிட்டாள்.

“அன்னிக்கு எனக்காகப் பேசின மேடம்னு சொல்வேன்ல, இவங்கதான்.”

அந்தப் பெண் சட்டென்று எழுந்து, தன் ஸ்டூலை எனக்காக நகர்த்திப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.