நோகாமல் போன இரத்தம்

நெடுந்தீவில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அதை முதலில் கண்டேன். கல்வேலியோரம் ஒதுங்கியபோது சிறுநீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. நோவில்லை, எரிவில்லை. மாலையில் தெளிந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் புங்குடுதீவில் அக்கா வீட்டில் நின்றபோது திரும்பவும் போனது. அக்காவிடம் சொன்னேன்.

"நோகுதோ?"

"இல்லை."

"அப்ப கல்லில்லை. கல்லெண்டா உன்னை முற்றத்திலை உருட்டி எடுத்திருக்கும். இது சூடு. ஊர் ஊராத் திரிஞ்சு கண்ட தண்ணியும் குடிச்சா வேறை என்ன வரும்?"

எங்கள் தீவுகளில் கிணற்று நீர் உவர். சிறுநீரகக் கல்லின் நோவை அறியாத வீடு குறைவு. நோவு வந்தால் ஆஸ்பத்திரி, நோவில்லாவிட்டால் சூடு. அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். அக்கா நெருஞ்சி முள்ளை அவித்துத் தந்தாள். நாலு மாதம் குடித்தேன். இரத்தம் வரும், நிற்கும். நின்றபோதெல்லாம் நெருஞ்சி வேலை செய்கிறது என்றோம்.

ஒருநாள் காலை இரத்தம் கட்டி கட்டியாகப் போனது. குறிகட்டுவானில் புறப்படும் முதல் பஸ்ஸில் இருவரும் யாழ்ப்பாணம் போனோம். ஸ்கானில் இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது.

டொக்டர் இளம் பெண். எங்கெங்கே இருந்தேன் என்று கேட்டாள். வவுனியாவில் அரிசி ஆலை, மன்னாரில் றோட்டு வேலை, பதவியாவில் வயல், கொழும்பில் கோழிக்கடை. பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"பதவியாப் பக்கம் தண்ணியாலை கிட்னி பழுதான ஆக்கள் கனபேர், டொக்டர். எனக்கும் அதுதானோ?"

"அது வேறை வருத்தம், ஐயா. அங்கை சிறுநீரகம் மெல்ல மெல்லச் செத்துப்போகும். உங்களுக்கு இருக்கிறது கட்டி. சிகரெட் குடிப்பியளோ?"

"தொட்டதில்லை."

"சுருட்டு?"

பதினாறு வயதிலிருந்து சுருட்டுப் பத்துவதைச் சொன்னேன். அதைக் கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"பிரஷர்?"

"குளிசை எடுத்தனான். ஊர் மாறேக்கை விட்டிட்டன்."

இரண்டையும் எழுதினாள். "தீவுப் பக்கத்திலையிருந்து வாறவை தண்ணியைத்தான் சொல்லுவினம். சுருட்டை ஒருத்தரும் சொல்லுறேல்லை."

சிறுநீரகத்தை எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "கட்டி அதுக்குள்ளையே நிண்டிருந்தா நல்லது. இரத்த நாளத்துக்குள்ளை இறங்கியிருந்தா வேறை கதை. முடிவு வந்தாத்தான் சொல்லலாம்" என்றாள் டொக்டர்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத்தில் இரண்டு தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

"பக்கத்து வீட்டு இங்கிலிஸ் ரீச்சரிட்டைக் காட்டுவமோ?" என்றாள் அக்கா.

"வேண்டாம்."

வாசிக்கும்போது அவருடைய முகம் மாறினால், செவ்வாய் வரை அந்த முகத்தோடு நான் இருக்க வேண்டும். கவரை அலுமாரிக்குள் வைத்தேன். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறும் பார்த்தேன். 'இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். அது மூன்று இடத்தில் இருந்தது. எது இல்லை என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் அக்கா நெருஞ்சி அவித்த சட்டியைக் குசினிக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள்.

"நான் அதை அவிச்சுத் தராட்டி நீ நேரத்தோடை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய்."

"நீ சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டன்."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அது உண்மை.

செவ்வாய்க்கிழமை டொக்டர் இரண்டாம் தாளை முடித்துவிட்டுத் திரும்பவும் முதல் தாளுக்குப் போனாள். அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். தையல் போட்ட இடது பக்கம், இழுபட்டு நொந்தது. கையை எடுக்கச் சொல்லவில்லை.

"வெளியிலை போகேல்லை. நாளத்திலையும் இல்லை" என்றாள் டொக்டர். "ஆனாச் சின்னக் கட்டியில்லை, ஐயா. நாலு மாசத்துக்கு முந்தி வந்திருக்க வேணும். திரும்பி வரக்கூடும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான் பாக்க வேணும். நீங்கள் வராட்டி நாங்கள் தேடி எடுக்க வேணும். எங்கை இருப்பியள்?"

பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து நான் ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்ததில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

அக்கா வீட்டு விலாசத்தைச் சொன்னேன். டொக்டர் பென்சிலால் கிளினிக் அட்டையில் எழுதத் தொடங்கினாள்.

"பேனையாலை எழுதுங்கோ, டொக்டர்" என்றாள் அக்கா. "பென்சில் எண்டா இவன் அழிச்சுப்போட்டுப் போயிடுவான்."